திறப்பைத் தந்தால் தேநீர்

லொறியின் பின்கதவுகள் அகலத் திறந்திருந்தன. அதன் பெட்டி எங்கள் ஏற்றுமேடையோடு ஒட்டி நின்றது. உள்ளே போய்ச் சாமான் அடுக்க வேண்டிய ஃபோர்க்லிப்ட் மேடையின் நடுவில் சும்மா நின்றது. அதற்கும் லொறிக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, அதில் தவமலர் இருந்தாள்.

தடித்த குளிரங்கி, தலையில் கம்பளித் தொப்பி, மடியில் தேநீர் குடிக்கும் ஒரு வெறும் எவர்சில்வர் பேணி. பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நிதானமாக இருந்தாள்.

"என்ன தவமலர் இது?"

"திறப்பு வரேல்லை அக்கா. லொறித் திறப்பு என்ர கைக்கு வராமல் லோட் ஏறாது." திறப்பு என்று நாங்கள் சொல்வது சாவியை.

"புது நடைமுறைப் புத்தகத்தில திறப்பு வாங்கச் சொல்லி இல்லையே."

"புத்தகம் லொறிக்குள்ள போறேல்லை அக்கா. நசீர்தான் போறவன்."

நசீர் ஃபோர்க்லிப்டில் இருந்தபடியே எனக்குக் கைகாட்டினான். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவன். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவனுக்கு விளங்கியிருந்தது.

இது மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில், உறைந்த உணவு செய்யும் எங்கள் தொழிற்சாலையில் நடந்தது. பாதுகாப்புக்குப் பொறுப்பானவள் நான். தவமலர் பொதி கட்டும் பிரிவில் வேலை செய்தவள். அங்குள்ள தொழிலாளர்கள் வாக்குப் போட்டு அவளைத் தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தெரிவு செய்திருந்தார்கள். "ரெப்" என்று சொல்வோம். உடனடி ஆபத்து என்று கண்டால், மேலிடத்தில் பேசிவிட்டு வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை ரெப்புக்கு விக்டோரியாச் சட்டத்தில் உண்டு. அன்றும் அவள் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் "லோட்டை ஏற்று" என்றார். அவள் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள்.

கடைசியில் லொறிக்காரரே இறங்கி வந்து திறப்பை நீட்டினார். அவருக்குத் தேநீர் வேண்டியிருந்தது. சாமான் ஏறியது. ஆனால் எங்கள் முகாமையாளர் கிரெக் அதற்குள் கடிதம் அனுப்பிவிட்டார். நிறுவனத்தின் நடைமுறையை மீறியதற்காகத் தவமலர் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வர வேண்டும். விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

அவளுக்கு நிரந்தர விசா கிடைத்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. படகில் வந்து, முகாமில் இருந்து, பிறகு தற்காலிக விசாவில் இழுபட்டு, ஒருவழியாக நிமிர்ந்தவள். அந்த வேலைதான் அவளுடைய வீட்டின் தூண்.

"வேலை போனால் போகட்டும் எண்டு பெரிய கதை கதைக்கமாட்டன் அக்கா" என்றாள். "எனக்கு வேலை வேணும். ஆனால் நாளைக்கும் திறப்பு வராட்டில் கதிரையைப் போடுவன்."

ஆற்றைக் கடந்தால் வேறு சட்டம்

போன வாரம் இந்தத் தொடரில் குளிர்களஞ்சிய வாழ்க்கையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பாதுகாப்பு அதிகாரி என்றால் என்ன வேலை? மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குக் கரைச்சல் கொடுப்பதா?" கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அந்தக் கரைச்சலுக்கும் ஒரு சட்டம் வேண்டும். எந்தச் சட்டம் என்பதுதான் இந்த நாட்டில் பெரிய தலையிடி.

நான் வந்த புதிதில் இது எனக்கு விளங்கவே இல்லை. ஒரு நாடு, ஒரு பிரதமர், ஒரு கிரிக்கெட் அணி. ஆனால் ஏணியில் ஏறி விழுந்தால், எந்த மாநிலத்தில் விழுந்தோம் என்பதைப் பொறுத்துச் சட்டம் வேறு. மெல்பேர்னில் இருந்து சிட்னிக்குப் போகும் லொறி எல்லையில் மறி ஆற்றைக் கடக்கும். பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று. ஓட்டுகிறவர் அதே ஆள். அவருடைய முதுகும் அதே முதுகு.

பிறகு எல்லா மாநிலங்களும் கூடிப் பேசி ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். எல்லோரும் அதையே தங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேற்றுவது என்று ஏற்பாடு. நியூ சவுத் வேல்ஸ் முதலிலேயே சேர்ந்துகொண்டது. ஒவ்வொன்றாக மற்றவையும் சேர்ந்தன. மேற்கு ஒஸ்ரேலியா மெல்ல யோசித்து யோசித்துப் பல வருடம் கழித்துச் சேர்ந்தது. விக்டோரியா மட்டும் "எங்களிடம் நல்ல சட்டம் ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லி விலகி நின்றுவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான்.

எனக்கு அதில் ஒரு இரகசியப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் மெல்பேர்னில் ரோவில்வாசி. மெல்பேர்னை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஆனால் எங்கள் நிறுவனத்துக்கு டண்டினொங்கில் தொழிற்சாலை, மேற்குச் சிட்னியில் களஞ்சியம். இரண்டு இடத்திலும் இரண்டு நடைமுறைப் புத்தகம். தலைமை அலுவலகத்துக்கு இது பொறுக்கவில்லை. ஓர் ஆலோசனை நிறுவனத்தைப் பிடித்து, "ஒரே புத்தகமாக ஆக்கித் தாருங்கள்" என்றார்கள். ஆலோசகர்கள் சிட்னிப் புத்தகத்தை எடுத்தார்கள், சில பக்கங்களைக் கழித்தார்கள், அட்டையை மாற்றினார்கள், வேலை முடிந்தது. நாட்டில் பெரும்பாலான இடங்களில் உள்ள சட்டத்தை ஒட்டியது என்பது அவர்கள் நியாயம்.

அந்தப் புத்தகத்தில் லொறித் திறப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஓட்டுநர் தன் இருக்கையிலேயே இருக்க வேண்டும், மேடையின் சிவப்பு விளக்கு அணையும்வரை வண்டியை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

யோகன் அண்ணையிடம் கேட்பதா?

திறப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன்.

ஃபோர்க்லிப்ட் லொறிக்குள் போய்ப் போய் வரும். அது உள்ளே இருக்கும்போது லொறி நகர்ந்தால், மேடைக்கும் லொறிக்கும் நடுவில் பள்ளம் விழும். அந்த இயந்திரம் ஒரு யானைக்குட்டியைவிடப் பாரம். அதனால்தான் டண்டினொங்கில் பழைய நாளிலிருந்தே ஒரு விதி: லொறித் திறப்பை வாங்கிச் சுவரில் உள்ள கொளுவியில் மாட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

விதி இருந்தது. ஆனால் அதை எல்லோரிடமும் பாவிக்கவில்லை. வெள்ளைக்கார ஓட்டுநரிடம் திறப்பு வாங்குவார்கள். சீக்கியரிடம் வாங்குவார்கள். எங்கள் ஆட்களிடம் வாங்கமாட்டார்கள்.

யோகன் அண்ணை சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் லொறி ஓட்டுகிறவர். கோயில் நிர்வாக சபையில் இருப்பவர். எங்கள் டொக்கில், அதாவது ஏற்றுமேடையில், வேலை செய்யும் தமிழர்களில் பாதிப் பேருக்கு முதல் வாடகை வீடு எடுக்கக் கையெழுத்து வைத்தவர். அப்படிப்பட்டவர் லொறியை ஒட்டி நிறுத்தினால், போய்க் கையை நீட்டி "திறப்பைத் தாருங்கோ" என்று கேட்க எவருக்கு மனம் வரும்? நம்பாதது போல் ஆகிவிடாதா? அவர் இருக்கையில் இருந்து தேவாரம் கேட்பார். திறப்பு பூட்டில் தொங்கும்.

ஒரு காலை, விளக்கு சிவப்பாகத்தான் எரிந்தது. ஆனால் வெயில் நேரே அதில் அடித்தது. பக்கத்து டொக்கின் இரும்புக் கதவு கடகடவென்று இறங்கிய சத்தம் யோகன் அண்ணைக்குக் கேட்டது. தன் கதவுதான் மூடியாயிற்று என்று நினைத்து வண்டியை மெல்ல நகர்த்தினார்.

நசீர் உள்ளிருந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தான். பாலமாகப் போட்டிருந்த இரும்புத் தகடு விழுந்தது. ஃபோர்க்லிப்ட் பாதி லொறியிலும் பாதி வெறுவெளியிலும் சரிந்து, இறுகி நின்றது. எல்லோரும் கத்தினார்கள். யோகன் அண்ணை பிரேக்கை மிதித்தார். ஆசனப் பட்டிதான் நசீரைக் காப்பாற்றியது.

நான் ஓடிப் போனபோது டொக் முழுவதும் உறைந்த பச்சைப் பட்டாணி கொட்டிக் கிடந்தது. என் சப்பாத்துக்கு அடியில் அது நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நசீர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பயத்தில் வருகிற சிரிப்பு. யோகன் அண்ணை லொறிச் சில்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுதார்.

"கேட்டிருந்தால் குடுத்திருப்பனே பிள்ளை" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஆரும் கேக்கேல்லையே."

இது எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை. மரியாதையால் ஓர் ஆளைக் கொல்லப் பார்த்தோம்.

நான் வழக்கம்போலக் கூட்டம் வைத்தேன், சுவரொட்டி அடித்தேன், ஆங்கிலத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் மாட்டினேன். எல்லோரும் "ஓம் ஓம்" என்று தலையாட்டினார்கள். அடுத்த கிழமையும் ஒருவரும் தெரிந்தவரிடம் திறப்புக் கேட்கவில்லை.

தவமலர்தான் வழி கண்டாள். டண்டினொங் கடையொன்றில் எவர்சில்வர் பேணிகள் வாங்கி வந்தாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் டொக் இலக்கம் எழுதி, அந்தந்த டொக்கின் கொளுவியில் மாட்டினாள். லொறி வந்து நின்றதும் ஓட்டுநரிடம் போய், "வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடியுங்கோ" என்பாள். வீட்டுக்கு வந்தவருக்கு ஏதாவது குடிக்கக் கொடுப்பதும், கொடுத்ததை மறுக்காமல் வாங்குவதும் நமக்கு ஊறிப்போனது. ஓட்டுநர் இறங்கி வருவார். பேணி கொளுவியை விட்டு அவர் கைக்கு வரும். வெறுமையான கொளுவியில் திறப்பு ஏறும். சாமான் ஏறி முடிந்து, பேணியைக் கொண்டுவந்து மாட்டினால்தான் திறப்பு.

ஒருவரையும் சந்தேகப்படவில்லை. ஒருவரிடமும் கையை நீட்டவில்லை. கொளுவியைப் பார்த்தால் போதும்: திறப்பு தொங்கினால் நசீர் உள்ளே போகலாம். பேணி தொங்கினால் போகக் கூடாது.

சுடுதண்ணீருக்கு ஆபத்து மதிப்பீடு எழுதியது மட்டும்தான் நான் செய்தது. அதையும் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதினேன்.

கெல்லிவில்லில் ஒரு சண்டை

வெள்ளிக்கிழமைக்கு முதல் சிட்னிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தேன். அந்தப் புத்தகத்தின் மூலத்தை எழுதியவர் அங்கே களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த கணேசன். திருச்சிக்காரர், பொறியியலாளர், கெல்லிவில்லில் வீடு. அவரை ஒரு பிடி பிடிப்பது என்று கறுவிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

அவரோ விமான நிலையத்துக்கே வந்து நின்று, "ஹோட்டல் சாப்பாடெல்லாம் வேண்டாம் மேடம், வீட்ல சொல்லிட்டேன்" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். சண்டை போட வந்தவளை முதல் நிமிடத்திலேயே விருந்தாளியாக்கிவிட்டார்.

அவர் மனைவி இடியப்பம் செய்திருந்தார். சிலோன்காரருக்கு இடியப்பம் என்ற நல்ல எண்ணம். ஆனால் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலும் சீனியும் வைத்தார். சொதியும் சம்பலும் இல்லாமல் இடியப்பம் சாப்பிடுவதை நான் ஒரு தியாகமாகவே செய்தேன். கணேசன் அதைக் கவனித்துச் சிரித்தார்.

"நாடு பூரா ஒரே சட்டம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. உங்க ஊரு மட்டும் ஏன் மேடம் முறுக்கிக்கிட்டு நின்னுச்சு?"

"எங்களிட்ட இருந்தது நல்ல சட்டம். நல்லதை விட்டிட்டு ஏன் மாறுவான்?"

"எங்களோடது என்ன கெட்டுப்போச்சா?"

"உங்கட புத்தகத்தில திறப்பு இல்லை. என்ர இடத்துப் பிள்ளை ஒருத்தி அதுக்காக வேலையை இழக்கப் போறாள்."

அவர் மனைவி மெல்ல எழுந்து குசினிக்குள் போனார். கணேசன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்க யார்டுலயும் முன்னாடி சாவி வாங்கிட்டுத்தான் இருந்தோம் மேடம். சாவி குடுக்க இறங்கி நடந்து வந்த டிரைவர் ஒருத்தர் கால் மேல ஃபோர்க்லிஃப்ட் ஏறிடுச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவர் தலை என் மடியிலதான் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் டிரைவர் யாரும் வண்டிய விட்டு இறங்கக் கூடாதுன்னு எழுதினேன். சும்மா எழுதல."

நான் அலட்சியம் என்று நினைத்த வரிக்குப் பின்னால் ஒரு மனிதனின் கால் இருந்தது. எங்கள் திறப்பு விதிக்குப் பின்னால் நசீரின் தோள் இருந்தது போல. மாநிலச் சட்டங்களும் இப்படித்தான் வளர்ந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். அங்கங்கே ஆட்கள் அடிபட்ட இடத்தில் ஒவ்வொரு வரி. அதனால்தான் விட்டுக்கொடுக்க இவ்வளவு கடினம்.

இங்கே கேட்கவில்லை

மறுநாள் காலை கணேசன் தன் களஞ்சியத்தைச் சுற்றிக் காட்டினார். நல்ல இடம். நடப்பவர்களுக்கென்று மஞ்சள் கம்பி வேலி போட்ட தனிப் பாதை, வளைவுகளில் கண்ணாடிகள். எங்கள் டண்டினொங் முற்றம் இதற்குக் கிட்டவும் வராது. மனம் பொறுக்கவில்லை என்றாலும் வாய்விட்டுப் பாராட்டினேன்.

டொக்குப் பக்கம் வந்தபோது ஒரு லொறியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. விளக்கு சிவப்பு. ஃபோர்க்லிப்ட் உள்ளே. நான் முன்பக்கம் நடந்துபோய் ஓட்டுநர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன்.

யோகன் அண்ணை. தேவாரம் கேட்டுக்கொண்டிருந்தார். திறப்பு பூட்டில் தொங்கியது.

"அண்ணை" என்றேன். "டண்டினொங்கில திறப்பைக் குடுத்திட்டுத்தானே தேத்தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"ஓம் பிள்ளை, கட்டாயம்."

"அப்ப இஞ்ச?"

அவர் திறப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இஞ்ச ஒருத்தரும் கேக்கேல்லையே பிள்ளை. இறங்கப்படாது எண்டும் சொன்னவை."

கணேசன் பின்னால் வந்து நின்றார். "நம்ம யோகன் சார் மேடம். ரொம்ப வருஷமா வர்றார். ரெட் லைட்டத் தாண்டி எடுக்கவே மாட்டார்."

யோகன் அண்ணை கதவைத் திறக்காமலே சொன்னார். "அண்டைக்கும் சிவப்பு லைற்தான் தம்பி எரிஞ்சது."

கணேசனுக்கு டண்டினொங்கில் நடந்த கதை தெரியும். அறிக்கையில் படித்திருக்கிறார். ஆனால் அந்த ஓட்டுநர் இவர்தான் என்று தெரியாது. அறிக்கைகளில் நாங்கள் பெயர் எழுதுவதில்லை. அவர் முகம் மாறியது. கையை உயர்த்தி உள்ளே இருந்த ஃபோர்க்லிப்டை வெளியே வரச் சொன்னார். அது மேடைக்கு வந்து சேரும்வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அலுவலகத்துக்குப் போனதும் கதவைச் சாத்தினார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு மேடம் அந்தப் பொண்ணோட விசாரணை?"

வெள்ளிக்கிழமை

விசாரணை அறையில் நான் எந்தப் பக்கம் இருப்பது என்பது ஒரு கேள்வியாக இருந்தது. நான் நிர்வாகத்தைச் சேர்ந்தவள். கிரெக் தன் பக்கத்துக் கதிரையை எனக்காக இழுத்து வைத்திருந்தார். தவமலர் துணைக்கு என் பெயரைக் கொடுத்திருந்தாள். நான் மேசையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் இருந்தேன். கிரெக்குக்குக் காது சிவந்தது.

கிரெக் கெட்டவர் அல்ல. மேலிடம் அவரை நெருக்கியது. அவர் எங்களை நெருக்கினார்.

"நடைமுறையை மீறினாயா?" என்று கேட்டார்.

தவமலருக்குத் தெரிந்த ஆங்கிலம் சின்னச் சின்ன வசனங்கள்தான். அவள் அதை வைத்தே பதில் சொன்னாள். "நசீர் லொறிக்கு உள்ளே. திறப்பு ஓட்டுநரிடம். நான் எங்கே இருக்க வேண்டும்?"

கிரெக் பேனாவை உருட்டினார். "சிட்னியில் திறப்பில்லாமல்தானே வேலை நடக்கிறது. இப்போது புத்தகம் ஒன்றுதான்."

சுவரில் இருந்த திரையில் கணேசன் காத்திருந்தார். பெண் பார்க்கப் போகிறவரைப் போல நன்றாக உடுத்தி, கழுத்துப்பட்டி எல்லாம் கட்டியிருந்தார்.

"கிரெக், அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "எங்கள் சட்டத்தை ஒட்டி எழுதினேன். அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. தனக்குக் கடுமையான, உடனடியான ஆபத்து என்று நியாயமாகக் கருதினால், எந்தத் தொழிலாளியும் தானே வேலையை நிறுத்தலாம். பிரதிநிதியாக இருக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் நசீரே நிறுத்தியிருக்கலாம். விக்டோரியாச் சட்டத்தில் அப்படி வெளிப்படையாக எழுதவில்லை. அங்கே ரெப் நிறுத்துகிறாள். நீங்கள் எடுத்த எங்கள் புத்தகத்தில் திறப்பு இல்லை, அது என் பிழை. நிறுத்தும் உரிமை இருந்த பக்கத்தைக் கழித்துவிட்டார்கள், அது ஆலோசகர்களின் பிழை. ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்றாலும், ஆபத்தைக் காட்டி நிறுத்தியவரைத் தண்டிக்க முடியாது."

பிறகு தன் களஞ்சியத்தில் அந்த வாரம் என்ன பார்த்தார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். தன் இடத்தைப் பற்றி அவ்வளவு பெருமை உள்ள மனிதர்.

கிரெக் நெடுநேரம் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு தவமலரைப் பார்த்தார். "நசீருடைய தோள் இப்போது எப்படி இருக்கிறது?"

"குளிர் நாளில் நோகும்" என்றாள். "இங்கே எல்லா நாளும் குளிர்."

கிரெக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். விசாரணை அத்துடன் முடிந்தது.

"சரி" என்றார் என்னிடம். "தலைமை அலுவலகத்துக்கு ஒரே புத்தகம்தான் வேண்டும். அதை இனி யார் எழுதுவது?"

நானும் கணேசனும் எழுதினோம். எழுதினோம் என்பதைவிடச் சண்டை பிடித்தோம் என்பதே சரி. அவருடைய மஞ்சள் கம்பிப் பாதை டண்டினொங்குக்கு வந்தது. ஓட்டுநர் இனி ஃபோர்க்லிப்டுகளுக்கு நடுவில் நடக்கத் தேவையில்லை. எங்கள் திறப்பும் பேணியும் சிட்னிக்குப் போயின. எந்தத் தொழிலாளியும் நிறுத்தலாம் என்ற அவர்கள் வரி முதல் பக்கத்தில் ஏறியது. ஒவ்வொரு வரியையும் இரண்டு இடத்து ரெப்புகளும் டொக்கில் நின்று செய்து பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போனது. மாநிலங்கள் இன்னும் சேர்க்காததை, இரண்டு டொக்குகளுக்கு இடையில் நாங்கள் சேர்த்துவிட்டோம். அந்தப் புத்தகத்தில் எங்கள் பெயர் எங்கும் இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் அதுதான் எனக்குப் பெரிய பெருமை. இந்தத் தொடரைவிடவும்.

சிட்னி டொக்கில்

புதுப் புத்தகம் அங்கே தொடங்கிய நாளில் பழக்கிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று கணேசன் கேட்டார். நிறுவனம் தவமலரை அனுப்பியது. அவள் ஒஸ்ரேலியாவுக்குள் வேலைக்காக விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. படகிலிருந்து இறக்கி முகாமுக்கு ஏற்றிப்போன விமானத்தைப் பற்றி ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை ஜன்னலோரம் கேட்டு வாங்கி இருந்து, மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சிட்னி டொக்கில் கொளுவிகள் வரிசையாகப் பளபளத்தன. ஆனால் அவற்றில் பேணி இல்லை. கணேசன் விளிம்பு மடிந்த டம்ளர்களை மாட்டியிருந்தார். இலக்கங்கள் நகப்பூச்சில் அல்ல, முறையாகப் பொறித்திருந்தன. ஓட்டுநர் அறையிலிருந்து பில்டர் காப்பியின் மணம் டொக்குவரை வந்தது.

"எங்க ஊர்ல காப்பிதான் மேடம்" என்றார், கொஞ்சம் தயக்கத்தோடு.

முதல் லொறி ஒட்டி நின்றது. யோகன் அண்ணை. அங்கே புதிதாக வாக்கெடுத்துத் தெரிவு செய்த ரெப் ஒரு இளம் பெண், வியட்நாம்காரி. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று தவமலரைத் திரும்பிப் பார்த்தாள். தவமலர் அசையவில்லை.

கேட்கத் தேவை வரவில்லை. யோகன் அண்ணை இறங்கி, மஞ்சள் கம்பிக்கு உள்ளாலேயே நடந்து வந்து, டம்ளரை எடுத்துவிட்டுத் தன் கையாலேயே திறப்பைக் கொளுவியில் மாட்டினார். மாட்டியதை ஒரு தடவை இழுத்தும் பார்த்தார்.

பிறகு காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன, கோப்பி? எங்களுக்குத் தேத்தண்ணி இல்லையோ?"

"சட்டம் மட்டும்தான் அண்ணை ஒண்டாக்கினது" என்றாள் தவமலர். "குடிக்கிறது அவையவையின்ர விருப்பம்."

கணேசன் சத்தமாகச் சிரித்தார். யோகன் அண்ணையும் சிரித்தார். தவமலர் சிரிக்கவில்லை. அவள் கண் கொளுவியிலேயே இருந்தது. திறப்பு ஆடி நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அந்த வியட்நாம் பெண்ணிடம் தலையசைத்தாள். அவள் கையைக் காட்ட, ஃபோர்க்லிப்ட் லொறிக்குள் போனது.